ஓலையிலிருந்து ஸ்ரிக்கர் வரை: ஒரு புள்ளியின் கதை

'பல் வைத்தியர்' என்ற பலகையில் ஒரே ஒரு புள்ளி விழுந்தால் அது 'பல வைத்தியர்' ஆகிவிடும். வாசிச்சா சிரிப்பு வரும். ஆனா அந்தப் புள்ளி ஏன் விழுகுது, இதுக்கு முந்தியும் விழுந்திருக்கா எண்டு கேட்டுப் பாத்தால், தமிழ் எழுத்தின் வரலாற்றில் ஒரு நீளமான கதை வெளியில வரும். இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல வருவது அந்தக் கதையைத்தான்.

மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவேணும் என்று தொல்காப்பியமே சொல்லுது. எகரத்துக்கும் ஒகரத்துக்கும்கூட, அவை குறில் என்று காட்டப் புள்ளி வைக்கச் சொல்லுது. இலக்கணத்தில் விதி அப்பிடி இருந்தாலும், எழுதப்பட்ட பொருள்களில் அது எப்பவும் நடக்கவில்லை. பழைய கல்வெட்டுகளில் சிலவற்றில் புள்ளி இருக்கு, பலவற்றில் இல்லை. பிறகு வந்த ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் காணாமலே போனது. எழுத்தாணியால் ஓலையில் குத்தினால் ஓட்டை விழும், ஓலை கிழியும் என்பதுதான் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஓலை வாசிக்கிறவர் மொழி தெரிந்தவர். புள்ளி இல்லாவிட்டாலும் இது 'க', இது 'க்' என்று இடம் பார்த்துப் பிரிச்சு வாசிப்பார். எழுதினவர் விட்டதை வாசிக்கிறவர் மனசுக்குள்ள போட்டுக்கொண்டார்.

இதனால் வந்த சிக்கல் 19ஆம் நூற்றாண்டில் சுவடிகளைப் பதிப்பிக்க இறங்கினபோதுதான் பெரிசாகத் தெரிஞ்சது. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டு உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். இவர்களின் கையில் கிடைத்த ஏடுகளில் புள்ளி இல்லை, ரகரமும் கால் குறியும் ஒரே மாதிரி, குறிலும் நெடிலும் ஒரே மாதிரி. ஒவ்வொரு சொல்லுக்கும் இது என்னவாக இருக்கும் என்று யோசிச்சுத்தான் அச்சுக்குக் கொடுக்கவேண்டி இருந்தது. நாங்கள் இண்டைக்குச் சங்க இலக்கியம் எண்டு கையில வச்சிருக்கிற புத்தகங்களில், ஏட்டில் இல்லாத எத்தனையோ புள்ளிகளைப் பதிப்பாசிரியர்கள்தான் போட்டார்கள்.

இதற்கு நடுவில் ஒரு தீர்வும் வந்தது. இத்தாலியில் இருந்து வந்த வீரமாமுனிவர் (1680–1747) ஏகாரத்தையும் ஓகாரத்தையும் எழுதும் முறையை மாத்தினார் என்று சொல்லப்படுது. குறிலுக்குப் புள்ளி வைக்கிறதுக்குப் பதிலாக, நெடிலுக்குக் கொம்பையே சுழிச்சு எழுதுவது அந்த மாற்றம். அதாவது 'கெ', 'கே' வித்தியாசம் புள்ளியில் தங்கி இருக்கவில்லை, எழுத்தின் உடம்புக்குள்ளேயே போய்விட்டது. உதிரக்கூடிய ஒன்றை உதிராத ஒன்றாக மாத்தின வேலை அது. மெய்யெழுத்துக்கு மட்டும் அப்பிடி ஒரு மாற்றம் வரவில்லை. அதன் புள்ளி இண்டைக்கும் எழுத்தோடு ஒட்டாமல் தனியாகத்தான் நிக்குது.

அச்சு அந்தப் புள்ளிக்கு ஒரு பாதுகாப்புக் கொடுத்தது. ஈய அச்சில் 'ம்' என்பது புள்ளியோடு சேர்த்து வார்த்த ஒரே துண்டு. 1841இல் யாழ்ப்பாணத்தில் உதயதாரகை வெளிவரத் தொடங்கினதும், அதற்குப் பிறகு ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சொந்தமாக அச்சுக்கூடம் நடத்தினதும் இந்த ஈய எழுத்துகளால்தான். அச்சுக் கோர்க்கிறவர் பிழையான எழுத்தை எடுக்கலாம், ஆனா 'ம்' எடுத்தால் புள்ளியும் கூடவே வரும்.

பெயர்ப்பலகை எழுதிய ஓவியர்களின் கதை வேற. சோக்கட்டி பூசின நூலால் கோடு அடிச்சு, எழுத்தை மெல்லிசாய் வரைஞ்சு, பிறகு எனாமல் பெயின்றால் நிரப்புவார்கள். புள்ளி என்பது தூரிகையின் ஒரு தொடுகை. மறந்துபோனால் எட்ட நிண்டு பாக்கேக்க தெரியும், திரும்ப ஏணியில் ஏறி வைக்கலாம். அப்பிடியும் தப்பினால் பிழை அந்த ஒரு பலகையோடு நிண்டுவிடும்.

எங்கட நாட்டில் பலகை எழுத்து வெறும் தொழில் விஷயம் மட்டும் இல்லை. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழி ஆக்கியது. அடுத்த வருசம் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. வடக்கு கிழக்கில் அதை அழித்துத் தமிழ் 'ஸ்ரீ' எழுதினார்கள். 1958இல் தெற்கில் தமிழ் எழுத்து இருந்த பலகைகளுக்குத் தார் பூசினார்கள். அந்த ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது, மே மாதம் கலவரம் வெடித்தது. ஒரு பலகையில் எந்த எழுத்து இருக்கலாம் என்பதற்காக ஆட்கள் அடிபட்ட நாடு இது. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டம் வந்தது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் பலகை வைப்பது அரச வழக்கமானது.

கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் பலகை செய்கிற முறையும் மாறியது. 1924இல் வியன்னாவில் பிறந்த ஜோசப் கேர்பர் என்ற யூதர், நாசிகளிடம் இருந்து தப்பி 1940இல் அமெரிக்கா போனவர். 1969இல் அவருடைய நிறுவனம் தையலுக்கான துணியைக் கணினியின் கட்டளைப்படி வெட்டுகிற மெஷினைக் கொண்டுவந்தது. 1980களின் தொடக்கத்தில் அதே யோசனையைச் சின்னதாக்கி, பசை பூசின வைனைல் தாளில் எழுத்து வெட்டுகிற 'சைன்மேக்கர்' மெஷின்களை விற்கத் தொடங்கியது. பிறகு பல நிறுவனங்கள் மலிவாகச் செய்ய, இண்டைக்கு எங்கட பட்டினங்களில் ஸ்ரிக்கர் கடைகளில் அந்த மாதிரி மெஷின் சாதாரணம்.

அது வேலை செய்யும் விதம் இதுதான். வைனைல் தாளுக்குக் கீழே சிலிக்கோன் பூச்சுள்ள கடதாசி இருக்கும். பிளேட் மேல்தாளை மட்டும் வெட்டவேணும், கீழ்க்கடதாசியை வெட்டக்கூடாது. வெட்டி முடிஞ்சதும் எழுத்தைச் சுத்தி இருக்கிற வேண்டாத தாளை ஆள்தான் கையால் உரிக்கவேணும். பிறகு மேலே ஒரு ரேப் ஒட்டி, எல்லா எழுத்தையும் ஒண்டா அதில் தூக்கி, பலகையில் வைத்துத் தேய்ப்பார்கள். வெட்டுறது மெஷின். உரிக்கிறது இண்டைக்கும் பெரும்பாலும் கைதான்.

புள்ளி விழுகிற இடம் இந்த உரிப்புத்தான். பிளேட்டின் முனை அதன் சுழல் மையத்தில் இருந்து கொஞ்சம் தள்ளி இருக்கும், அதனால் திரும்பும்போது இழுபட்டுத்தான் திரும்பும். பெரிய வளைவில் அது தெரியாது. சில மில்லிமீட்டர் அளவு வட்டத்தில் தொடக்கமும் முடிவும் சரியாகச் சந்திக்காமல் போகலாம். வட்டம் முழுசா வெட்டுப்படாட்டி, கழிவை இழுக்கேக்க புள்ளியும் அதோட போய்விடும். நல்லா வெட்டுப்பட்டாலும் பசை ஒட்டியிருக்கிற பரப்பு குறைவு, மெல்ல இழுத்தாலே கழன்று வரும்.

மூன்று மொழிப் பலகையை வைத்துப் பாருங்கோ. 'புகைப்பிடித்தல் தடைசெய்யப்பட்டுள்ளது' என்பதில் 7 புள்ளி இருக்கு. அதையே ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'நோ ஸ்மோக்கிங்' என்று வெட்டினால் ஒரு புள்ளியும் இல்லை. சிங்களத்தில் மெய்யைக் காட்டும் குறி எழுத்தோடு ஒட்டித்தான் இருக்கும், ஆகவே தனியாகக் கழராது. அப்ப ஒரே பலகையில், ஒரே தாளில், ஒரே பிளேட்டால் வெட்டினாலும், உதிருகிற ஆபத்து கூடுதலாகத் தமிழுக்குத்தான். 500 பலகைக்கு ஓடர் வந்தால் 3,500 புள்ளி. நூற்றில் ஒன்று விழுந்தாலும் 35 புள்ளி, அதாவது 35 பலகை வரைக்கும் பிழை.

இதில் யாரும் வேணுமெண்டு செய்த பிழை இல்லை. தார் பூசினவருக்குத் தமிழில் கோபம் இருந்தது, உரிக்கிற தொழிலாளிக்கு அப்பிடி ஒண்டும் இல்லை. ஆனா அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாட்டி, புள்ளி போனது அவருக்குத் தெரியவே வராது. அவருக்கு அது ஒரு சின்ன வட்டம். ஓலையிலும் புள்ளி இருக்கவில்லைத்தான். ஆனா ஓலையை எழுதினவரும் வாசித்தவரும் ஒரே மொழிக்காரர், விட்டதை நிரப்பத் தெரிந்தவர்கள். ஸ்ரிக்கர் பலகையைச் செய்கிறவருக்கும் அதற்குக் காசு கொடுக்கிறவருக்கும் தமிழ் தெரியாமல் இருக்கலாம். பலகையை முதன்முதலாக வாசிக்கிற தமிழர், அது சுவரில் ஏறின பிறகு அதற்கு முன்னால் வந்து நிக்கிற ஆளாகக்கூட இருக்கலாம்.

மொழி உரிமை பற்றிக் கதைக்கேக்க நாங்கள் பெரும்பாலும் சட்டத்தையும் மொழிபெயர்ப்பையும் பற்றித்தான் கதைக்கிறம். அது தேவை. ஆனா சரியாக மொழிபெயர்த்த வசனமும் உரிக்கிற மேசையில் பிழைக்கலாம். அதைத் தடுக்கப் பெரிய செலவு இல்லை. சின்ன எழுத்தை மெஷினில் மெதுவாக ஓடவிடலாம். தாளின் ஓரத்தில் மேலதிகமாகக் கொஞ்சப் புள்ளிகளை வெட்டி வைத்தால், விழுந்த இடத்தில் ஊசி முனையால் எடுத்து ஒட்டலாம். ஒரு வசனத்தில் எத்தனை புள்ளி என்று எண்ணி வேலைத்தாளில் எழுதிவிட்டால், தமிழ் தெரியாதவரும் 7 இருக்கா எண்டு எண்ணிப் பாக்கலாம். எல்லாத்துக்கும் மேல, ஓடர் கடையை விட்டு வெளிக்கிட முதல் தமிழ் தெரிந்த ஒராள் ஒவ்வொரு பலகையாக வாசிக்கவேணும். மாதிரிக்கு ஒண்டைப் பாத்தாப் போதாது, கோப்பு ஒன்றாக இருந்தாலும் புள்ளி விழுகிறது பலகைக்குப் பலகை வேற இடத்தில்.

எங்களில் கனபேர் தமிழும் வரலாறும் மொழியியலும் படிக்கிறம். ஏட்டில் இல்லாத புள்ளியைப் போட்டு வாசிக்கிறது எப்பிடி எண்டு வகுப்பில் படிக்கிறம். அந்தப் படிப்புக்கு ஸ்ரிக்கர் கடை மேசையிலும் வேலை இருக்கு. அரச அலுவலகங்களும் ஆஸ்பத்திரிகளும் பெரிய ஓடர் கொடுக்கேக்க, 'பலகைகளைத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் சரிபார்த்துக் கையெழுத்து வைக்கவேணும்' என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லி நாங்கள் கேக்கலாம்.