கொங்கு நாட்டில் ஜீப்

கொங்கு வட்டாரத்தில் ஜீப் என்ற பேச்சு மஹிந்திராவின் பழைய திறந்த வண்டியோடு நிற்பதில்லை. ஜிப்ஸி, தார், கூர்க்கா, ஜிம்னி எனக் கரடுமுரடான தடத்தில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகள் எல்லாமே அதில் சேரும். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களின் சமவெளியில் தார்ச்சாலைக்கோ பேருந்துக்கோ பெரிய பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் சமவெளியின் ஓரங்களில் ஆனைமலை, நீலகிரி, சத்தியமங்கலம், பர்கூர் மலை, கொல்லிமலை என்று மலையேற்றம் தொடங்கிவிடுகிறது. சமவெளிக்குள்ளும் மழை பெய்தால் கரிசல் தோட்டத்துக்குள் கார் இறங்காது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஜீப் இங்கே வேலைக்கான வண்டி. ஆசைக்காக அதை வாங்கும் பழக்கம் பரவலானது 2010க்குப் பிறகுதான்.

வருகை

அமெரிக்க ராணுவத்துக்காக 1940இல் பாண்டம் நிறுவனம் முதல் மாதிரியைச் செய்தது. 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்து குவித்தன. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம், 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 60 குதிரைத்திறன், அகலம் 62 அங்குலம். போர் முடிந்ததும் இந்தியாவில் மிஞ்சிக் கிடந்தவை ‘டிஸ்போசல்’ ஏலத்துக்கு வந்தன.

1945 அக்டோபர் 2 அன்று லூதியானாவில் தொடங்கப்பட்ட மஹிந்திரா அண்ட் முகமது நிறுவனத்தின் பங்குதாரர் குலாம் முகமது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகிவிட, 1948இல் அது மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. 1949இல் பம்பாய் மஸகானில் உதிரியாக வந்த வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கினார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் குற்றச்சாட்டும் இதே காலத்து ஜீப் விவகாரம்தான். காஷ்மீர்ப் போருக்காக லண்டனில் வி.கே. கிருஷ்ண மேனன் 200 ஜீப்புகளுக்குச் செய்த 80 லட்ச ரூபாய் ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்தவை 155.

கிராமத்துக்கு ஜீப்பைக் கொண்டுவந்தது அரசாங்கம். 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கி வட்டார வளர்ச்சி அலுவலகங்கள் பரவியபோது கூடவே ஜீப்பும் பரவியது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு யுனிசெஃப் ஜீப்புகளைக் கொடுத்தது. வெகுகாலம் ஊருக்குள் ஜீப் சத்தம் கேட்டால் வருவது பி.டி.ஓ., போலீஸ், தடுப்பூசி போடுகிறவர், இல்லையென்றால் ஓட்டுக் கேட்கிறவர்.

பெட்ரோலிலிருந்து டீசலுக்கு

அமெரிக்காவில் 1953இல் வந்த சி.ஜே.3பி மாடல்தான் இந்திய ஜீப்பின் முகம். புதிய ஹரிக்கேன் இன்ஜினில் காற்று உள்ளே போகும் வால்வைத் தலைப்பகுதியில் வைத்ததால் இன்ஜின் உயரமாகிவிட்டது. பானட்டையும் அதற்கேற்பத் தூக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 1968இல் நின்றுபோன இந்த உருவத்தை மஹிந்திரா பல பத்தாண்டுகள் விடாமல் செய்தது.

பெட்ரோல் விலை ஏறிய எழுபதுகளில் ஹரிக்கேன் இன்ஜின் சுமையானது. கொங்கு நாட்டில் ஜீப்பின் உண்மையான வரலாறு இங்கே தொடங்குகிறது என்று சொல்லலாம். மஹிந்திரா தன் டிராக்டரில் ஓடிய இன்டர்நேஷனல் பி-275 டீசல் இன்ஜினின் வழிவந்ததை ஜீப்பில் வைத்தது. டிராக்டர் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக்குக்கு ஜீப்பும் அன்றே கைவசமானது. பழைய பெட்ரோல் வண்டி வைத்திருந்தவர்கள் அம்பாசிடர் டீசல் இன்ஜினையோ மட்டாடர் வேன் இன்ஜினையோ தூக்கி வைத்தார்கள். கியர்பாக்ஸோடு பொருந்துவதற்கு நடுவில் ஓர் அடாப்டர் தட்டு வேண்டும். அதை வார்த்து, கடைந்து கொடுக்க கோயம்புத்தூரில் ஆள் தேட வேண்டியதில்லை.

பஞ்சாலைக்கும் மோட்டார் பம்புக்கும் வளர்ந்த ஊர் இது. கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, சிங்காநல்லூர்ப் பக்கம் லேத் பட்டறைகளும் ஃபவுண்டரிகளும் தெருவுக்குத் தெரு. தேய்ந்த ஷாக்கிள் புஷ்ஷை மாதிரிக்குக் கொடுத்தால் புதிதாகக் கடைந்து தருவார்கள். டீசல் பம்பையும் நாசிலையும் சரிபார்க்கத் தனிப் பட்டறை, லீஃப் பட்டைக்குத் தனிப் பட்டறை, ரேடியேட்டருக்குத் தனிப் பட்டறை. ரூட்ஸ் ஹாரனும் உள்ளூர்ச் சரக்குதான். ஜீப்பில் கையால் செய்ய முடியாத பாகம் என்று அநேகமாக எதுவும் கிடையாது. கம்பெனி ஒரு மாடலை நிறுத்திய பிறகும் அந்த வண்டி இங்கே ஓடியதற்கு இந்தப் பட்டறைகளே காரணம். கொங்கு ஜீப்பின் ஆயுளை ஷோரூமைவிட லேத்தான் தீர்மானித்தது என்பதே இக்கட்டுரையாளரின் கணிப்பு.

எண்பதுகளில் பிரான்ஸின் பெஷோ நிறுவன உரிமத்தில் செய்த டீசல் இன்ஜினோடு எம்.எம்.540 வந்தது. அது டிராக்டர் இன்ஜினைவிட அதிர்வு குறைந்தது, ஓட்டமும் கூடியது. ஆனால் காலையில் சாவியைத் திருப்பி, ஹீட்டர் பிளக் சூடேறும்வரை பொறுத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். வால்பாறைக் குளிரில் அந்தப் பொறுமை இல்லாதவர்கள் பேட்டரியை இறக்கிவிட்டு வண்டியைத் தள்ளுவார்கள். பிறகு மேஜர், கமாண்டர், எம்.எம்.550 வந்தன. நேரடியாக டீசல் பீய்ச்சும் டி.ஐ. இன்ஜின் வண்டிகளில் ஹீட்டர் தொல்லை இல்லை. சத்தம் மட்டும் அதிகம்.

மலையும் தோட்டமும்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. கொல்லிமலைக்கு 70. இவையெல்லாம் தார்ச்சாலை, பேருந்தே போகும். ஜீப்பின் வேலை அந்தச் சாலை முடிகிற இடத்தில்தான் ஆரம்பம். தென்னிந்தியாவிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு வால்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தேயிலை எஸ்டேட்டுகளின் உள்தடங்கள் மழைக்காலம் முழுக்கச் சேறும் உருளைக்கல்லும்தான். கடம்பூர் மலையில் மாக்கம்பாளையம் போகிறவர்கள் குரும்பூர்ப் பள்ளத்தையும் சர்க்கரைப் பள்ளத்தையும் தாண்ட வேண்டும். பள்ளத்தில் வெள்ளம் வந்தால் பேருந்து நின்றுவிடும். பர்கூர் மலையின் உட்கிராமங்களிலும், ஆனைகட்டியைத் தாண்டிய அட்டப்பாடி ஊர்களிலும் பிரசவ வலிக்கும் பாம்புக்கடிக்கும் முதலில் கிடைத்த வாகனம் பெரும்பாலும் ஜீப்தான்.

ஓடும் தண்ணீரில் இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. பழைய பெட்ரோல் ஜீப்பில் முதலில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றுவார்கள். இல்லையென்றால் ஃபேன் தண்ணீரை வாரி டிஸ்ட்ரிபியூட்டர்மீது அடித்துவிடும், இன்ஜின் நடுப்பள்ளத்தில் நின்றுவிடும். டீசலில் தீப்பொறியே கிடையாது என்பதால் அந்தப் பயம் இல்லை. மலை வண்டிகள் டீசலுக்கு மாற விலை மட்டுமே காரணம் இல்லை. தண்ணீரில் இறங்குமுன் முன்சக்கர ஹப்பைக் கையால் திருகிப் பூட்டி, ஃபோர் வீல் போட்டு, லோ கியரில் ஒரே சீராகப் போக வேண்டும். நடுவில் கிளட்சை மிதிக்கக் கூடாது. கரையேறியதும் டிரம் பிரேக் நனைந்து பிடிக்காது. பிரேக்கை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் உருட்டிக் காய வைத்தால்தான் அடுத்த இறக்கத்தில் வண்டி கேட்கும்.

சமவெளியில் கதை வேறு. இருபுறமும் வேலி அடைத்த இட்டேரிகள் மாட்டு வண்டிக்கு அளவெடுத்தவை. ஒன்றரை மீட்டர் சொச்சம் அகலமுள்ள பழைய ஜீப் அதில் உரசாமல் போகும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்களுக்கு அது காய் ஏற்றவும், உர மூட்டை இறக்கவும், டிரெய்லர் இழுக்கவும், கல்யாண வீட்டுக்குப் போகவும் ஒரே வண்டி. 2000இல் பொலிரோ வந்ததும் கல்யாண வீட்டு வேலையையும், அடுத்து வந்த பிக்கப்கள் சுமை வேலையையும் பறித்துக்கொண்டன. ஜீப் சாளையோரக் கொட்டகைக்குள் ஒதுங்கியது அப்போதுதான்.

வைத்திருப்பவரின் பாடு

பழைய ஜீப் வாங்கப் போனால் இரண்டு கேள்விகள் முதலில் வரும்: “ஃபோர் வீலுங்களா, டூ வீலுங்களா?” அடுத்தது, “ஆர்.சி.யில என்ன இன்ஜினுங்க போட்டிருக்குது?” பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் கம்பெனியிலிருந்தே இரண்டு சக்கர இழுவையாக வந்த வண்டிகள் நிறைய உண்டு. அவற்றுக்கு முன் ஹவுசிங்கும் டிரான்ஸ்பர் கேஸும் தேடிப் பூட்டுவதற்குள் பணம் கரைந்துவிடும். இன்ஜின் மாற்றம் ஆர்.சி.யில் ஏறாமல் இருந்தால் புதுப்பிக்கும்போது மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். பஞ்சாப், அரியானா எல்லையில் மண்டி டப்வாலி போன்ற ஊர்களில் பளபளவென்று கட்டி அனுப்பப்படும் திறந்த ஜீப்புகளிலும் இதே சிக்கல் இருக்கிறது. பெயின்டைப் பார்த்து மயங்காமல் சேஸிஸ் எண்ணைத் தடவிப் பார்ப்பது நல்லது.

வாங்கிய பிறகு வேலை ஓயாது. ஸ்டியரிங்கில் ஆட்டம் வரும், கிங் பின் தேயும், யு ஜாயிண்ட் கிராஸ் தட்டும். கிரீஸ் நிப்பிள்களுக்கு ஒழுங்காக கிரீஸ் அடிக்காவிட்டால் இவையெல்லாம் சீக்கிரமே நடக்கும். லீஃப் பட்டை இறுகிப்போன வண்டியில் ஆள் இல்லாமல் தனியாகப் போனால் இடுப்பு எலும்பை எண்ணிவிடலாம். சுமை ஏறினால் அடங்கிப் போகும். தரைத்தகட்டின் வழியே இன்ஜின் சூடு காலுக்கு ஏறும். ஹூட்டின் தார்ப்பாயைக் கட்டினாலும் மழை பக்கவாட்டில் உள்ளே வரும். நெடுஞ்சாலையில் 60, 70க்கு மேல் ஓட்டுவது யாருக்கும் நல்லதில்லை. இவ்வளவுக்கும் பிறகு இந்த வண்டியை விற்க மனம் வராதவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அப்பா ஓட்டியது என்பது பலரும் சொல்லும் காரணம்.

ராணுவத்தில் கழித்த வண்டிகளை ஏலத்தில் எடுப்பவர்கள் தனி ரகம். ஜபல்பூரில் நிசான் பேட்ரோல் வடிவில் செய்யப்பட்ட ஜோங்காவில் கிட்டத்தட்ட 4 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். அது குடிக்கும் பெட்ரோலுக்கு அஞ்சி, எடுத்த கையோடு டீசல் இன்ஜின் மாற்றியவர்கள்தான் அதிகம்.

ஜிப்ஸி முதல் ஜிம்னி வரை

1985 இறுதியில் மாருதி ஜிப்ஸி வந்தது. ஒரு லிட்டருக்கும் குறைந்த பெட்ரோல் இன்ஜின், எடை மிகக் குறைவு. சேற்றில் ஜீப் புதைகிற இடத்தில் ஜிப்ஸி மேலாக ஓடிவிடும். 1996இல் 1.3 லிட்டர் இன்ஜினோடு ஜிப்ஸி கிங் ஆனது. விவசாயிக்கு அது பிடிக்கவில்லை. சுமை தாங்காது, டீசலும் இல்லை. போலீஸும் ராணுவமும் ராலி ஓட்டுநர்களும் அதைக் கொண்டாடினார்கள். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன், பின் இரண்டு டிஃபரன்ஷியலையும் பூட்டும் வசதி உண்டு. திறமையில் குறை சொல்ல முடியாத வண்டி, விற்பனையில் மட்டும் எப்போதும் ஓரமாகவே நின்றது.

2010இல் மஹிந்திரா தாரைக் கொண்டுவந்தது. பழைய ஜீப்பின் உருவம், உள்ளே 105 குதிரைத்திறன் காமன் ரெயில் டீசல். 2020 அக்டோபர் 2 அன்று விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறை செங்கல்பட்டு அருகே உள்ள மஹிந்திரா ஆராய்ச்சி மையத்தில் உருவானது. ஏ.சி., ஆட்டோமேட்டிக் கியர், 226 மில்லிமீட்டர் தரை இடைவெளி, 650 மில்லிமீட்டர் ஆழம்வரை தண்ணீரில் இறங்கும் திறன். ஜீப்பைத் திரும்பிப் பார்க்காத குடும்பங்களும் இதை வாங்கின. 2023இல் இரண்டு சக்கர இழுவைத் தார் மலிவு விலையில் வந்தபோது, மலையேறாத ஜீப் என்று பழைய ஆட்கள் சிரித்தார்கள். விற்பனை அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. ஐந்து கதவுத் தார் ராக்ஸ் 2024 ஆகஸ்ட் 15 அன்று வந்தது.

மாருதி ஜிம்னி 2023 ஜூனில் வந்தது. அகலம் 1,645 மில்லிமீட்டர்; தாரோ 1.8 மீட்டருக்கு மேல். இட்டேரி வழியாகத் தோட்டத்துக்குப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் விளம்பரத்தில் வரும் குதிரைத்திறனைவிட முக்கியம். இந்தப் புதிய வண்டிகள் எல்லாவற்றிலும் இன்ஜின் கணினிக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. காட்டுக்குள் ஒரு சென்சார் போனால் ஸ்பானர் உதவாது, ஸ்கேனர் வேண்டும். லேத் பட்டறைக்கு இன்னும் பஞ்சமில்லை என்றாலும், அங்கே கொண்டுபோகத்தக்க பாகங்கள் ஒவ்வொரு மாடலிலும் குறைந்துகொண்டே வருகின்றன.

சட்டமும் காடும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், முன்பக்க இரும்பு பம்பர் என்று ஆசைப்பட்டுப் பூட்டியவர்கள் தகுதிச் சான்றுக்கான எஃப்.சி. நாளன்று அவற்றைக் கழற்றுவதும் மறுநாள் மாட்டுவதும் வழக்கமாகிவிட்டது. காட்டுக்குள் இஷ்டத்துக்கு ஓட்ட முடியாது. ஆனைமலை 2007இலும் சத்தியமங்கலம் 2013இலும் புலிகள் காப்பகமாயின. திம்பம் சாலையில் 2022 பிப்ரவரி முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆகவே ஆசைக்காக ஓட்டுகிறவர்களின் பந்தயமும் பயிற்சியும் தனியார் தோட்டங்களிலும் கைவிட்ட கல்குவாரிகளிலும்தான்.

சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் கார், ஜீப் வகைக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு அது 10,000 ஆனது. டெல்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிக்கு விதிக்கப்பட்ட தடை தமிழ்நாட்டில் இல்லாததால், தகுதிச் சோதனையில் தேறும் எம்.எம்.540கள் பொள்ளாச்சியிலும் வால்பாறையிலும் இன்னும் பதிவில் இருக்கின்றன. ஆர்.சி. சுத்தமாக, ஃபோர் வீல் வேலை செய்யும் நிலையில் உள்ளதற்கு, அதன் வயதுக்குப் பொருந்தாத விலை கேட்கிறார்கள், கிடைக்கவும் செய்கிறது.