மூன்று சுவர்களுக்கு அப்பால்

இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவைப் பின்னறைக்கு மாற்றினோம். அங்கேதான் ஒட்டியே பாத்ரூம் இருக்கிறது. அவரோடு டிவியும் போனது. இரண்டாவது நாளே சிக்கல் ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் ஏதாவது பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை யூடியூபில் போட்டுக் கொடுப்பேன். பத்து நிமிடம் ஓடும். அப்புறம் கதாநாயகி வாய் திறந்தபடியே நிற்க, நடுவில் அந்த வட்டம் சுழலும். ஒரு மணி நேரப் படம் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும்.

"டேய், அந்தக் காலத்துல படம் போனாலும் பேச்சாவது கேக்கும். இது என்ன, மூஞ்சி மட்டும் நிக்குது?"

கம்ப்யூட்டர் படித்துவிட்டு அதிலேயே சம்பாதிக்கும் ஒருவனுக்கு இது கொஞ்சம் அவமானமான கேள்வி. பதில் தேடப் போய், வைஃபையைவிட டிவியின் வரலாற்றைத்தான் நிறையப் படித்தேன்.

எங்கள் வீடு அம்பத்தூர் ஓ.டி. பக்கம். இருபதடி அகலம், அறுபதடி நீளம். ரயில் பெட்டி மாதிரி ஹால், நடு அறை, சமையல்கட்டு, பின்னறை என்று வரிசையாகப் போகும். எண்பதுகளில் கட்டியது என்பதால் ஒவ்வொரு சுவரும் ஒன்பது இன்ச் செங்கல். ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்த பையன் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே ரூட்டரை மாட்டிவிட்டுப் போனான். வயர் மிச்சம், துளை போடும் வேலை மிச்சம். "ஃபுல் ஹவுஸ் கவரேஜ் சார்" என்றும் சொன்னான். ஹாலில் 94 எம்பிபிஎஸ் வந்தது. பின்னறையில் 3. அடுப்படியில் மைக்ரோவேவ் ஓடினால் அதுவும் இல்லை. இத்தனைக்கும் ஹெச்டி தரத்தில் ஒரு படம் பார்க்க 5 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம்.

ரேடியோ அலை சுவரைத் தாண்டும் என்பதைப் பொதுமக்கள் முன் காட்டிய முதல் நிகழ்ச்சிகளில் ஒன்று நம் நாட்டில்தான் நடந்தது. 1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ் ஓர் அறையிலிருந்து அலையை அனுப்பினார். அது சுவர்களையும், நடுவில் உட்கார்ந்திருந்த லெப்டினன்ட் கவர்னரின் கனத்த உடம்பையும் தாண்டிப் போய் வேறோர் அறையில் மணியை அடித்தது, வெடிமருந்தைக் கொளுத்தியது. மணி அடிக்க ஒரே ஒரு தட்டு போதும். படம் ஓட விநாடிக்குப் பல லட்சம் தட்டுகள் வரிசை தவறாமல் வந்து சேர வேண்டும். எங்கள் வீட்டுச் சண்டையெல்லாம் இந்த வித்தியாசத்தில்தான்.

அலையின் நீளமும் முக்கியம். ஆவடியில் ஆல் இந்தியா ரேடியோவின் உயர் சக்தி ஒலிபரப்பு நிலையம் இருக்கிறது. சென்னை 'ஏ' நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸ் அலை நானூறு மீட்டருக்கு மேல் நீளமானது. அதற்கு எங்கள் வீடு ஒரு தூசி. அது வளைந்து, தழுவிக்கொண்டு போய்விடும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை பன்னிரண்டு சென்டிமீட்டர்தான், ஏறக்குறைய ஒரு கரண்டிக் காம்பு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதி. இதன் பாதையில் வருகிற இரும்பு பீரோ ஒரு மலை. அதுவும் கதவில் ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ என்றால், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ரசப்பூச்சும் உலோகம்தான். எங்கள் நடு அறையில் அப்படி இரண்டு நிற்கின்றன. ஒன்று அம்மா கல்யாணத்துக்குக் கொண்டு வந்தது, அதை நகர்த்துவது பற்றிப் பேச்சே எடுக்க முடியாது. மொட்டை மாடியின் தண்ணீர்த் தொட்டிகூட இந்த அலையைக் குடிக்கும். நல்லவேளை, அது எங்கள் பாதையில் இல்லை.

சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. சேப்பாக்கம் பக்கம் சுவாமி சிவானந்தா சாலையில் கோபுரம். அங்கிருந்து காக்கை பறக்கிற கணக்கில் அம்பத்தூர் சுமார் 15 கிலோமீட்டர். எங்கள் தெரு மாடிகளில் அலுமினியக் குழாய் ஆன்டெனாக்கள் எல்லாம் கிழக்கு பார்த்துக் கும்பிட்டு நிற்கும். அப்பா எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தவர், ஆன்டெனாவின் கம்பத்தை அவரே வெல்டிங் வைத்து நட்டார். காற்றடித்தால் திரும்பிவிடும். அவர் மேலே, அம்மா வாசலில், நான் டிவி முன்னால். "வந்துச்சு", "போச்சு" என்று செய்தி மாடிக்கு அஞ்சலாகப் போகும். ராமாயணம் ஓடிய காலத்தில் நான் பிறந்தேனோ இல்லையோ என்கிற அளவுதான் என் வயது. எனக்கு ஞாபகம் இருப்பது அதன் கடைசிக் காலம்.

ஞாபகத்தில் நன்றாக நிற்பது நிழல். செய்தி வாசிப்பவருக்கு வலப்பக்கம் ஓர் அங்குலம் தள்ளி, அவரே மங்கலாக இன்னொரு தடவை உட்கார்ந்திருப்பார். ஒரே அலை நேராகவும் வரும், ஏதோ உயரமான கட்டடத்தில் மோதிவிட்டுக் கொஞ்சம் தாமதமாகவும் வரும். அந்தத் தாமதம்தான் திரையில் நிழல். மீனம்பாக்கத்துக்கு விமானம் இறங்கும்போது அதன் உடம்பில் மோதித் திரும்பிய அலையால் படம் அலைபாயும். நாங்கள் அதை "ப்ளேன் போகுது" என்று வீட்டுக்குள்ளிருந்தே சொல்லிவிடுவோம்.

தெற்கே வேறு கதை. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி வந்ததும், சென்னை தூர்தர்ஷன் எட்டாத கடற்கரை ஊர்களில் ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி, பூஸ்டர் வைத்துப் பார்த்தார்கள். பூஸ்டரைக் கம்பத்தின் உச்சியில் ஆன்டெனாவை ஒட்டிக் கட்ட வேண்டும் என்பது அதைக் கட்டிய மெக்கானிக்குகளின் ஆதாரப் பாடம். கீழே டிவிக்குப் பக்கத்தில் வைத்தால், வயரில் வரும் வழியில் சேர்ந்த இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்கும். எனக்கு இந்தப் பாடம் தெரிந்திருந்தால் இரண்டாயிரம் ரூபாய் மிஞ்சியிருக்கும். நான் ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கிப் பின்னறையிலேயே, டிவிக்குப் பக்கத்தில் செருகினேன். மொபைலில் சிக்னல் முழுசாகக் காட்டியது, படம் அப்போதும் நின்றது. சிக்னல் செத்த இடத்தில் வைத்தால் அது செத்ததைத்தான் திருப்பிச் சொல்லும். சமையல்கட்டுக்கு மாற்றினேன், கொஞ்சம் தேவலை. ஆனால் ஒரே ரேடியோவில் கேட்டு, அதே ரேடியோவில் திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகிவிட்டது.

தொண்ணூறுகளில் கேபிள் வந்தது. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி. யாரோ ஒருவர் மாடியில் பெரிய டிஷ், அங்கிருந்து விளக்குக் கம்பம், தென்னை மரம், பக்கத்து வீட்டு கிரில் என்று தொங்கித் தொங்கி வந்த கறுப்பு வயர். அது வீட்டுக்குள் நுழையச் சுவர்களில் துளை. ஆன்டெனா காக்கைகளுக்கு என்றானது. 2003 செப்டம்பரில் கேஸ் முறை வந்து, பெருநகரங்களில் சென்னை மட்டும் செட்டாப் பெட்டியோடு மாட்டிக்கொண்டது. அப்புறம் அரசு கேபிள், அப்புறம் டிஜிட்டல். எது மாறினாலும் வயர் மாறவில்லை. ஏறக்குறைய கால் நூற்றாண்டு, சுவர் என்பது டிவிக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

இந்தக் காலத்தில் அலை எங்கே போயிருந்தது? நியாயமாகப் பார்த்தால் அது அரசாங்கத்தின் பூட்டுக்குள் இருந்தது. 1933-ஆம் வருடத்துச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. ரேடியோ, டிவிக்கெல்லாம் போஸ்ட் ஆபீஸில் வருடா வருடம் பணம் கட்டிய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அமெரிக்காவில் 1985-இலேயே சில அலைவரிசைகளை, மைக்ரோவேவ் அடுப்பு மாதிரியான கருவிகளுக்கு ஒதுக்கிய 'குப்பை' அலைவரிசைகளை, உரிமமில்லாத தகவல் தொடர்புக்குத் திறந்துவிட்டார்கள். 1997-இல் 802.11 என்ற தரம். 1999-இல் வைஃபை என்ற பெயர், அதுவும் ஒரு பிராண்டிங் நிறுவனம் வைத்தது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கட்டடத்துக்கு வெளியேயும் உரிமம் இல்லாமல் பயன்படலாம் என்று அறிவிக்கை வந்தது 2005 ஜனவரியில். அதே மாதம்தான் பிஎஸ்என்எல்லின் பிராட்பேண்டும் வந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் முழுதாகத் திறந்தது 2018 அக்டோபரில். குப்பை அலைவரிசை என்றால் கூட்டமும் இருக்கும். 2.4-இல் ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. எங்கள் பின்னறையில் நின்று எண்ணினேன்: இருபத்து மூன்று வைஃபைகள். அதில் ஒன்றின் பெயர் 'பாஸ்வேர்டு கேக்காதே'.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி.

மோதித் திரும்பும் அலைதான் வைஃபைக்கும் முதல் எதிரி. அறைக்குள் மேஜை, பீரோ, சுவர் என்று எல்லாவற்றிலும் எதிரொலிக்கும் அலைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து குழம்பும். இதைத் தீர்த்தவர்களில் ஒரு பகுதியினர் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்கள். அவர்களில் ஜான் ஓ'சல்லிவன் அதற்கு முன் வெடிக்கும் குட்டிக் கருந்துளைகளிலிருந்து வரும் ரேடியோத் துடிப்பைத் தேடியவர். கருந்துளை கிடைக்கவில்லை. சிதறிப்போன சிக்னலைக் கணக்கால் சேர்த்தெடுக்கும் பழக்கம் கிடைத்தது.

இன்னொருவர் நம்மூர்க்காரர். ஆரோக்கியசாமி பால்ராஜ், 1944-இல் பொள்ளாச்சியில் பிறந்தவர். இளம் வயதிலேயே கடற்படைக்குப் போனார். 1971 டிசம்பர் 9 அன்று ஐஎன்எஸ் குக்ரி என்ற நம் போர்க்கப்பலைப் பாகிஸ்தான் நீர்மூழ்கி மூழ்கடித்தது. நீருக்கடியில் எதிரி இருப்பது நம் சோனாருக்குச் சரியாகக் கேட்கவில்லை. போருக்குப் பிறகு அந்தச் சோனாரை மேம்படுத்தும் வேலை பால்ராஜிடம் வந்தது. எண்பதுகளில் 'அப்சோ' என்ற உள்நாட்டு சோனாரை உருவாக்கிய குழுவுக்கும் அவரே தலைவர். கடலுக்கடியில் ஒலி எப்படிப் போகும்? மேற்பரப்பில் மோதும், தரையில் மோதும், பல வழிகளில் வந்து சேரும். கிட்டத்தட்ட எங்கள் வீடு மாதிரி. கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று ஸ்டான்ஃபோர்டுக்குப் போன அவர், தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992-இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1994-இல் கிடைத்தது. அதன் சாரம் இது: பல ஆன்டெனாக்களிலிருந்து ஒரே அலைவரிசையில் வேறுவேறு செய்திகளை அனுப்பு. அவை வேறுவேறு திசைகளிலிருந்து வந்தால், வாங்கும் பக்கமும் பல ஆன்டெனாக்கள் இருந்தால், கணக்குப் போட்டுப் பிரித்துவிடலாம். சுவர்களில் மோதிப் பல வழிகளில் சிதறி வருவது இங்கே இடைஞ்சல் இல்லை. சிதறினால்தான் பிரிக்க முடியும். மைமோ என்கிறார்கள். 2009-இல் வந்த 802.11என் தரத்திலிருந்து வைஃபையில் இது உண்டு. ரூட்டரின் மேல் கரப்பான் மீசை மாதிரி நிற்கும் இரண்டு மூன்று குச்சிகளும் அதற்காகத்தான். 2014-இல் அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது.

அந்தக் காப்புரிமையின் தலைப்பைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதில் வைஃபை இல்லை, செல்போன் இல்லை. 'ஒலி-ஒளிபரப்பு அமைப்புகளின்' கொள்ளளவைக் கூட்டுவது என்று இருக்கிறது. அதாவது, செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்தில் நிழலாக உட்கார்ந்திருந்த ஆளுக்கு வேலை கொடுத்த யோசனை பிறந்தபோது, அதன் பெயரிலும் ஒளிபரப்புதான் இருந்தது. நம் பாடப்புத்தகங்களில் இவர் பெயரை நான் படித்ததில்லை. நான்கு வருட பொறியியல் படிப்பிலும் யாரும் சொல்லவில்லை. மைமோவுக்கு இரண்டு மார்க் கேள்வி மட்டும் வந்தது.

ஆனால் மைமோவும் பீரோவைத் துளைக்காது. எதிரொலியைப் பயன்படுத்தலாம், எதிரொலியும் வந்து சேராத இடத்தில் என்ன செய்வது? தெருவின் தென்னை மரம் வரை ஒளி வேகத்தில் கண்ணாடி இழையில் வந்த படம், கடைசி ஐம்பதடியில் தடுக்கி விழுகிறது. மாடியில் இருந்த ஆன்டெனாப் பிரச்சினை இறங்கி வீட்டுக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான். 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' தியேட்டருக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்தபோது, சினிமாக்காரர்கள் தியேட்டர்காரர்களோடு சண்டை போட்டார்கள். வீட்டில் எந்த அறைக்கு வரும் என்று யாரும் கேட்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். "வயர்தான்பா இழுக்கணும். மூணு சுவர்லயும் துளை போடணும்."

"எதுக்குப் புதுசா போடணும்? கேபிள்காரன் போட்ட ஓட்டை இருக்கே. பரணுக்குக் கீழ பாரு."

இருந்தது. தொண்ணூறுகளில் பின்னறையில் பாட்டிக்கென்று ஒரு சின்ன டிவி வைத்தபோது கேபிள் போன வழி. ஹாலிலிருந்து பரணை ஒட்டி நேராக, மூன்று சுவர்களிலும் விரல் பருமனுக்குத் துளை. மேலே நாலு தடவை சுண்ணாம்பு அடித்து மறைந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் செம்மண் கொட்டியது, ஒன்றிலிருந்து அறுந்த கறுப்பு வயரின் நுனியும் வந்தது. அதன் நுனியில் புது லேன் வயரைக் கட்டி இழுத்தேன். ரிச்சி தெருவில் வாங்கிய இருபது மீட்டர் கேட் 6, அந்தப் பக்கம் ஒரு பழைய ரூட்டர், அதை ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றி 5 கிகாஹெர்ட்ஸில் விட்டேன். எக்ஸ்டெண்டர் இப்போது ஷெல்ஃபில் தூங்குகிறது.

நான் பீரோ மேல் ஏறி வயரை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தேன். பின்னறையில் பாட்டு கேட்டது, நிற்காமல்.

அப்பா கட்டிலிலிருந்து கத்தினார்: "வந்துச்சு! அப்படியே விடு, கைய எடுத்துடு!"