வாய்மைக்கு எந்த மொழி?

தோழர்களே! கோவை காந்திபுரத்தில் பேருந்து ஏறி, நடத்துநர் தரும் சில்லறையைத் திருப்பிப் பாருங்கள். சிங்கங்கள் நிற்கின்றன, அவற்றின் அடியில் நாகரி எழுத்தில் 'சத்யமேவ ஜயதே' என்றிருக்கிறது. அதைப் படிக்க வல்லார் அவ்வண்டியில் எத்தனை பேர்?

சிங்கங்கள் அசோகனுடையவை. புத்தர் முதன்முதலாக அறமுரைத்த சாரநாத்தில், கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அவன் நாட்டிய தூணின் தலைப்பகுதி அது. 1950 சனவரி 26-இல் இந்தியக் குடியரசு அதனைத் தன் சின்னமாக ஏற்றது. தொடரோ அசோகனுடையதன்று, முண்டக உபநிடதத்தினின்று எடுத்துச் சேர்க்கப்பட்டது.

அசோகன் செய்தது என்ன? தன் ஆணைகளை வடமொழியில் வெட்டினானா? இல்லை! மக்களிடம் வழங்கிய பிராகிருதத்தில் வெட்டினான். கந்தகாரிலோ கிரேக்கத்திலும் அரமேயத்திலும் வெட்டினான். கற்பாறையும் காண்பவன் மொழியிலேயே பேசவேண்டும் என்று கருதினான்.

1967-இல் ஆட்சியேற்ற அண்ணாவின் அரசு, தமிழ்நாட்டுச் சின்னத்தில் 'வாய்மையே வெல்லும்' எனத் தமிழில் பொறித்தது. அது பிரிவினையன்று, அசோகன் காட்டிய நெறியே என்போம் நாம்.

வாய்மை தானாக வெல்வதில்லை; வினவுவோர் அதனை வெல்விக்கின்றனர். வினவுதற்கு முன் படித்தறிய வேண்டாவா? அரசின் உறுதிமொழி ஆளப்படுவோன் மொழியில் இருத்தல் சலுகையன்று, உரிமை!