எந்த ஊர்? என்ன பிழைப்பு?



பாசிமணி விற்பவரோ பழைய பேப்பர் எடுப்பவரோ நம் வாசலில் சற்று நேரம் நின்றால், "எந்த ஊர்? என்ன வேலை?" என்று கேட்கிறோம். சாதாரணக் கேள்விதான். ஆனால் இதற்குத் திருப்தியான பதில் சொல்ல முடியாதவரைச் சிறைக்கே அனுப்பக்கூடிய சட்டம் நம் நாட்டில் வெகுகாலம் இருந்தது.

1898-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109-ஆவது பிரிவு அது. வெளிப்படையான பிழைப்பு இல்லாதவரை மாஜிஸ்திரேட் அழைத்து, ஓராண்டு வரை ஒழுங்காக இருப்பதாகப் பிணைப் பத்திரம் கேட்கலாம். ஜாமீன் தர ஆள் இல்லாவிட்டால் சிறை. பிழைப்பே இல்லாதவருக்கு ஜாமீன் கொடுக்க யார் வருவார்கள்? திருடியதாக யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஏழ்மையே போதுமானதாக இருந்தது.

சிறுவர்களுக்கும் தனிச் சட்டங்கள் இருந்தன. குற்றம் செய்த சிறுவர்களுக்காக 1887-இல் நம் செங்கல்பட்டில் சீர்திருத்தப் பள்ளி தொடங்கப்பட்டது. 1920-ஆம் ஆண்டு சென்னைச் சிறுவர் சட்டமோ, குற்றம் எதுவும் செய்யாமல் வீடின்றித் திரிந்த, பிச்சை எடுத்த பிள்ளைகளையும் நீதிமன்றம் மூலம் இத்தகைய பள்ளிகளுக்கு அனுப்ப வழி செய்தது.

ஊர் ஊராகச் சென்று பிழைத்த பல சமூகங்களின் நிலை இன்னும் மோசம். 1911-ஆம் ஆண்டு குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்டவர்கள் கைரேகை வைத்து, போலீசிடம் ஆஜராகி, அனுமதியின்றி ஊரைவிட்டு நகராமல் இருக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் இது 1947-இல் நீங்கியது. நாடு முழுவதும் 1952-இல்.

1945-இல் வந்த சென்னைப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் மட்டும் இன்றும் இருக்கிறது. இதன்படி பிடிக்கப்படுபவர்களை வைத்துப் பராமரிக்கும் அரசு முகாம், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மேல்பாக்கத்தில் அமைந்தது. டில்லியில் அமலிலிருந்த இதே போன்ற சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2018-இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்துவிட்டது.

109-ஆவது பிரிவு என்ன ஆனது? 1973-இல் புதிய நடைமுறைச் சட்டம் எழுதியபோது, 'பிழைப்பு இல்லாதவர்' என்ற பகுதியை நீக்கிவிட்டார்கள். குற்றம் செய்யும் நோக்கத்தோடு ஒளிந்திருப்பவர் என்று நம்பக் காரணம் இருந்தால்தான் இப்போது நடவடிக்கை. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அப்படியே.

நம் கடற்கரைப் பக்கத்து நிகழ்ச்சி ஒன்றும் நினைவிருக்கும். 2021-இல் மாமல்லபுரம் கோயில் அன்னதானத்தில் தன்னை உட்காரவிடவில்லை என்று ஒரு நரிக்குறவர் பெண் பேசிய காணொளி பரவியது. அமைச்சர் வந்து அவர்களோடு பந்தியில் அமர்ந்து சாப்பிட்டார். அந்த ஆண்டு தீபாவளியன்று முதல்வர் பூஞ்சேரிக்கே வந்து, நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். "எந்த ஊர்?" என்று கேட்டே விரட்டப்பட்டவர்களுக்குப் பட்டா என்பது வெறும் காகிதம் அல்ல, அரசு முத்திரையோடு கிடைத்த பதில்.

ஆகவே, நம் தெருவில் ஒருவர் வெறுமனே உட்கார்ந்திருப்பது குற்றமல்ல. "போலீசைக் கூப்பிடு" என்று காவலாளியிடம் சொல்லும் முன் ஆளைப் பாருங்கள். ஆதரவற்ற குழந்தை என்றால் 1098, முதியவர் என்றால் 14567, உடல்நிலை சரியில்லாதவர் என்றால் 108. இந்த மூன்று எண்களையும் காவலாளி அறையில் எழுதி ஒட்டி வைப்போம்.