எம்.ஏ. படித்த அண்ணா வசனம் எழுதப் போன கதை

1943-ல் பாரிஸில் சார்த்தர் என்ற தத்துவப் பேராசிரியர் 'இருத்தலும் இன்மையும்' என்று ஒரு தலையணை சைஸ் புத்தகம் வெளியிட்டார். அதே ஆண்டில் அவருடைய நாடகமும் மேடையேறியது. 1947-ல் அவர் எழுதிய கதை சினிமாவாகவும் வந்துவிட்டது. தத்துவம் பேசுகிறவருக்கு கூத்து மேடையில் என்ன வேலை என்று அங்கேயும் கேட்டிருப்பார்கள்!

கிட்டத்தட்ட அதே வருடங்களில் இங்கே நம்ம ஊரிலும் ஒருவர் அந்த வழியில் போய்க்கொண்டிருந்தார். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் காஞ்சிபுரத்தில் 1909-ல் பிறந்த சி.என்.அண்ணாதுரை. பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் படித்து எம்.ஏ. வாங்கியவர். 1942-ல் 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார். 'ஆரிய மாயை' போன்ற கட்டுரைகள், கம்பராமாயணம் பற்றி ரா.பி.சேதுப்பிள்ளையோடு மேடை விவாதம் என்று முழுக்க முழுக்கக் கருத்துப்போர்தான் அப்போது. அந்த 'ஆரிய மாயை'க்காகப் பிற்பாடு சிறைக்கும் போனார்.

ஆனால் கட்டுரையை யார் படிப்பார்கள்? 1951 கணக்கெடுப்பில் கூட இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர்தான். மீதி 82 பேருக்கு எப்படிச் சொல்வது? அதற்குத்தான் நாடகம். 'சந்திரோதயம்', 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' என்று வரிசையாக எழுதினார். பின்னதில் காகபட்டராக அவரே வேஷமும் கட்டினார். அதில் சிவாஜியாக நடித்த வி.சி.கணேசனுக்குப் பெரியார் கொடுத்த பட்டம்தான் 'சிவாஜி' என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

(காஞ்சிக்கு இது புதுசும் இல்லை. மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்த மாமல்லன் நரசிம்மவர்மனின் அப்பா மகேந்திரவர்மன், 7-ஆம் நூற்றாண்டிலேயே காபாலிகரையும் புத்த பிக்குவையும் கிண்டலடித்து 'மத்தவிலாசம்' என்ற நாடகம் எழுதியவர். கதை நடப்பதும் காஞ்சியில்தான்!)

நடிகர் கே.ஆர்.ராமசாமியின் நாடகக் குழுவுக்காக எழுதிய 'வேலைக்காரி' 1949-ல் ஜுபிடர் தயாரிப்பில் படமானது. கடன் கொடுத்தவரின் கொடுமை தாங்காமல் தகப்பன் தூக்கில் தொங்க, மகன் ஆனந்தன் காளி கோயிலுக்குப் போய் சிலையைப் பார்த்து ஆத்திரத்தோடு நியாயம் கேட்கிறான். கோயிலில் சாமியைக் கும்பிட்டே பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! அதே ஆண்டு என்.எஸ்.கிருஷ்ணனுக்காக 'நல்லதம்பி', 1951-ல் ஏவி.எம்.மின் 'ஓர் இரவு', 1954-ல் 'சொர்க்கவாசல்'. பாட்டை நம்பி ஓடிக்கொண்டிருந்த தமிழ் சினிமாவில் வசனம் எழுதியவர் பெயருக்கே கூட்டம் வந்தது இந்தப் படங்களின் காலத்தில்தான்.

இதில் ஒரு விலையும் உண்டு. கட்டுரையில் இருந்த காரம் படத்தில் குறைவு. 'வேலைக்காரி'யில் வட்டி முதலாளி கடைசியில் திருந்திவிடுகிறார், கடவுளே இல்லை என்றும் படம் சொல்லவில்லை. சென்சாரும் இருந்தது, டிக்கெட் வாங்குகிறவனின் மனசும் இருந்தது. சுயமரியாதைக்காரர் சமரசம் செய்துகொண்டார் என்றும் சொல்லலாம். ஆனால் 'ஆரிய மாயை'யைக் கையால் தொட்டே பார்த்திராத எத்தனையோ பேர், தரை டிக்கெட்டில் உட்கார்ந்து ஆனந்தனின் கேள்வியைக் கேட்டார்கள்.

படம் வெளியான அதே 1949 செப்டம்பரில் தி.மு.க. பிறந்தது. 1967-ல் அந்த வசனகர்த்தா முதலமைச்சர் ஆனார்.