வாக்குச் சீட்டும் திருச்சபையும்: அமெரிக்கத் தென்மாநிலங்களின் வரலாறு தரும் படிப்பினை

ஐக்கிய அமெரிக்க நாடுகளில் கறுப்பின மக்களின் வாக்குரிமை இருமுறை பிறந்தது எனலாம். 1870ஆம் ஆண்டில், அரசமைப்பின் பதினைந்தாம் திருத்தத்தினால் அது முதன்முறை பிறந்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் தென்மாநிலங்களில் அது ஏறத்தாழ முற்றிலும் அழிக்கப்பட்டது. 1965இல் அது மீண்டும் உயிர்பெற்றது. இடைப்பட்ட தொண்ணூற்றைந்து ஆண்டுகளில் அத்திருத்தத்தின் ஓர் எழுத்தும் மாற்றப்படவில்லை. சட்டம் இருந்தது, உரிமை இல்லை. இஃது எங்ஙனம் நிகழ்ந்தது? இதில் திருச்சபை எங்கு நின்றது? இவ்விரு வினாக்களையும் இங்கு ஆராய முற்படுகிறோம். திருப்பணியாளராகிய நமக்கு இரண்டாம் வினாவே நெருக்கமானது.

1. முதல் வாக்கு

உள்நாட்டுப் போர் 1865இல் முடிவுற்றது. அவ்வாண்டிலேயே பதின்மூன்றாம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. 1867இல் அமெரிக்கப் பாராளுமன்றம் இயற்றிய சட்டங்களின்படி, தென்மாநிலங்களில் கறுப்பின ஆண்கள் வாக்காளராகப் பதிவு செய்யப்பட்டனர். பின்னர் வந்த பதினைந்தாம் திருத்தம், இனம், நிறம், முன்னைய அடிமை நிலை ஆகியவற்றின் பொருட்டு ஒருவரது வாக்குரிமையை மறுத்தலாகாது என்று விதித்தது. இதனை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். எக்காரணங்களைக் கொண்டு மறுத்தல் கூடாது என்று அது கூறிற்றேயன்றி, எல்லாருக்கும் வாக்குரிமை உண்டு என்று கூறவில்லை. பெண்கள் 1920வரை காத்திருக்க நேர்ந்ததும் இதனாலேயே. இவ்விடைவெளியின் வழியாகவே பின்னாளில் அநீதி உட்புகுந்தது.

எனினும் தொடக்கம் நம்பிக்கையூட்டுவதாக இருந்தது. 1870 பெப்ருவரியில் மிசிசிப்பி மாநிலத்தின் சார்பில் ஹைரம் ரெவல்ஸ் மேலவை உறுப்பினரானார். அமெரிக்க மேலவையில் அமர்ந்த முதற் கறுப்பினத்தவர் இவரே. இவர் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சபையின் போதகர் என்பது தற்செயலன்று. வெள்ளையர் ஆலயங்களில் இழிவுபடுத்தப்பட்ட கறுப்பின விசுவாசிகள் ரிச்சர்ட் ஆலனின் தலைமையில் 1816இல் அமைத்த சபை அது. நாட்டின் ஆட்சியில் இடமில்லாதிருந்த மக்கள், தங்கள் சபைகளில் கூட்டம் நடத்தினர், கணக்குப் பார்த்தனர், பொறுப்பாளரைத் தேர்ந்தனர். குடியாட்சியின் பழக்கத்தை அவர்கள் ஆலயத்திலேயே கற்றனர்.

2. இனத்தின் பெயரைச் சொல்லாத சட்டங்கள்

1877இல் கூட்டரசின் படைகள் தென்மாநில ஆட்சிகளுக்கு அளித்துவந்த பாதுகாப்பு விலக்கப்பட்டது. முதலில் வன்முறையும் வாக்குமோசடியும் தம் வேலையைச் செய்தன. பின்னர் அவற்றினும் நிலையான ஒரு வழி தேடப்பட்டது. 1890இல் மிசிசிப்பி புதியதோர் அரசமைப்பை இயற்றிற்று. அம்மாநில மக்களில் அன்று கறுப்பினத்தாரே பெரும்பான்மையினர். ஆயினும் வாக்காளர் தகுதிகளைப் பற்றிய பிரிவுகளில் இனத்தைப் பற்றி ஒரு சொல்லும் காணப்படவில்லை. வாக்களிக்க விரும்புவோர் ஆண்டுக்கு இரண்டு டாலர் தலைவரி செலுத்த வேண்டும். மாநிலத்தில் இரண்டாண்டுகள் குடியிருந்திருக்க வேண்டும். அரசமைப்பின் ஏதேனும் ஒரு பிரிவை வாசிக்க வேண்டும், அல்லது பிறர் வாசிக்கக் கேட்டு விளக்கம் கூற வேண்டும். விளக்கம் சரியா தவறா என்று தீர்மானிப்பவர் பதிவு அலுவலர். அவரோ வெள்ளையர். 

அதே அரசமைப்பு, வாக்குத் தொகுதியில் குடியிருக்க வேண்டிய கால அளவில் சபைப் பொறுப்பிலுள்ள போதகர்களுக்கு ஒரு சலுகை அளித்தது. ஆறு மாதங்கள் அவர்களுக்குப் போதுமானதாயிற்று. போதகரிடம் மரியாதை காட்டிய சட்டம், சபை மக்களில் பெரும்பகுதியினருக்குக் கதவை அடைத்தது.

1898இல் உச்ச நீதிமன்றம், இவ்விதிகள் வெளிப்படையாக எந்த இனத்தையும் வேறுபடுத்தவில்லை என்று கூறி அவற்றை ஏற்றது. அவ்வாண்டிலேயே லூயிசியானா, 1867 ஜனவரி முதல் நாளிலோ அதற்கு முன்னரோ வாக்குரிமை பெற்றிருந்தோரையும் அவர்தம் மக்களையும் பேரரையும் கல்வி, சொத்துத் தகுதிகளிலிருந்து விலக்கியது. அந்நாளில் தென்மாநிலக் கறுப்பினத்தார்க்கு வாக்குரிமை இல்லை என்பதை அனைவரும் அறிவர். 1896இல் அம்மாநிலத்தில் 1,30,334 கறுப்பின வாக்காளர் இருந்தனர். 1904இல் எஞ்சியவர் 1,342 பேரே. ஏழை வெள்ளையர் பலரும் தலைவரியினால் வாக்கிழந்தனர். பாட்டனார் விதியை உச்ச நீதிமன்றம் 1915இலும், வெள்ளையர் மட்டுமே பங்குபெற்ற கட்சி முன்தேர்தலை 1944இலும் செல்லாதவையாக்கிற்று. எனினும் எழுத்தறிவுத் தேர்வும் தலைவரியும் நீடித்தன.

3. இரு சபைகள், இரு சாட்சிகள்

இக்காலம் முழுவதிலும் கறுப்பினத் திருச்சபை வாக்குரிமையின் நினைவைக் காத்துவந்தது. மிசிசிப்பியின் பெல்சோனி நகரில் ஜார்ஜ் லீ என்னும் பாப்டிஸ்ட் போதகர் தம் மக்களை வாக்காளராகப் பதிவு செய்யத் தூண்டினார். 1955 மே 7ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். எவரும் தண்டிக்கப்படவில்லை. 

1962 ஆகஸ்டில், ரூல்வில் என்னும் சிற்றூரின் ஆலயத்தில் நடந்த கூட்டத்திலேயே ஃபானி லூ ஹேமர் அம்மையார் தமக்கும் வாக்களிக்கும் உரிமை உண்டென முதன்முறையாகக் கேள்வியுற்றார். அப்போது அவருக்கு வயது 44. பருத்தித் தோட்டத் தொழிலாளி. பாப்டிஸ்ட் பிரசங்கியாரின் மகள். அம்மாதம் 31ஆம் நாள் பதிவு அலுவலகம் சென்றவர் தேர்வில் தோல்வியுற்றார் என்று அறிவிக்கப்பட்டார். திரும்பியதும், பதினெட்டு ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். 1963 ஜூனில் வைனோனா சிறையில் கொடுமையாக அடிக்கப்பட்டார். ஆயினும் 1964இல், நாடு முழுவதும் காண, மக்களாட்சிக் கட்சியின் மாநாட்டில் தம் சாட்சியை உரைத்தார். அவ்வாண்டுக் கோடையில் மட்டும் மிசிசிப்பியில் முப்பதுக்கும் மேற்பட்ட கறுப்பின ஆலயங்கள் எரிக்கப்பட்டன அல்லது குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டன. வாக்கு எங்குக் கற்பிக்கப்படுகிறது என்பதைப் பகைவர் நன்கு அறிந்திருந்தனர்.

வெள்ளையர் சபைகளின் நிலை வேறு. அவர்களுள் பலர் வன்முறையை விரும்பாதவர்கள். ஒழுங்கையும் அமைதியையும் நேசித்தவர்கள். 1963 ஏப்ரலில் பர்மிங்காம் நகரில் எண்மர் சமயத் தலைவர்கள், ஆர்ப்பாட்டங்களை விட்டு நீதிமன்றங்களை நாடுமாறு அறிவுறுத்தினர். அதற்கு மறுமொழியாகவே மார்ட்டின் லூதர் கிங் சிறையிலிருந்து தம் புகழ்பெற்ற கடிதத்தை வரைந்தார். அவ்வாண்டு ஜனவரியில், மிசிசிப்பியின் வெள்ளையரான மெதடிஸ்ட் போதகர் இருபத்தெண்மர் இனவேறுபாட்டைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் காலப்போக்கில் மாநிலத்தை விட்டு நீங்கினர். 1964ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாளன்று, ஜாக்சன் நகரின் பெரிய மெதடிஸ்ட் ஆலயத்திற்கு வழிபட வந்த இரு பேராயர்கள் வாயிலிலேயே தடுக்கப்பட்டனர். ஒருவர் கறுப்பினத்தவரான சார்ல்ஸ் கோல்டன். மற்றவர் வெள்ளையரான ஜேம்ஸ் மாத்யூஸ். இந்தியாவில் அருட்பணியாற்றியவர், நம் நாட்டுச் சபைகள் நன்கறிந்த ஸ்டான்லி ஜோன்ஸ் அவர்களின் மருமகன். வாக்குச் சாவடியை அடைத்த அதே கை திருவிருந்தின் பந்தியையும் அடைத்தது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

4. செல்மா, 1965

அலபாமாவின் செல்மா நகரமும் அதனைச் சூழ்ந்த மாவட்டமும் இவ்வரலாற்றின் திருப்புமுனையாயின. அம்மாவட்டத்தில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தார் ஏறத்தாழ 15,000 பேர். பதிவு பெற்றிருந்தவர் 400 பேருக்கும் குறைவு. பதிவு அலுவலகம் மாதத்தில் இரு நாட்களே திறந்திருந்தது. 1965 ஜனவரி 22ஆம் நாள், பள்ளி ஆசிரியரும் பாப்டிஸ்ட் போதகருமான ஃபிரெடெரிக் ரீஸ் அவர்களின் தலைமையில் நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் அவ்வலுவலகத்தை நோக்கி நடந்தனர். பிறருக்கு எழுத்தறிவித்தோர், தாம் எழுத்தறிந்தவர் என்று மெய்ப்பிக்க இயலாமல் வாயிலில் நின்றனர். சட்டத்தின் பொய்ம்மையை இதைவிடத் தெளிவாக எவ்வுரையும் விளக்கியிராது.

பெப்ருவரியில் மரியன் என்னும் ஊரில் ஜிம்மி லீ ஜாக்சன் என்ற இருபத்தாறு வயது சபை உதவியாளர் காவலரால் சுடப்பட்டு இறந்தார். மார்ச் 7, ஞாயிறன்று, பிரவுன் சிற்றாலயத்திலிருந்து புறப்பட்ட ஏறத்தாழ 600 பேர் பாலத்தருகே தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கப்பட்டனர். முன்னணியில் நடந்த ஜான் லூயிஸ் நாஷ்வில் நகர இறையியல் கல்லூரியில் பயின்றவர். கிங் விடுத்த அழைப்பை ஏற்று நாடெங்கிலுமிருந்து போதகர்களும் குருமாரும் திரண்டனர். அவர்களுள் ஜேம்ஸ் ரீப் என்னும் போதகர் அடிபட்டு மார்ச் 11 அன்று இறந்தார். 

ஆகஸ்டு 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் கையொப்பம் பெற்றது. இரு வாரங்களுக்குப் பின், லவுண்டஸ் மாவட்டத்தில், ஜொனதன் டேனியல்ஸ் என்னும் இறையியல் மாணவர், ஒரு கறுப்பினச் சிறுமியைக் காக்கத் தம் உடலைக் குறுக்கே வைத்துத் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். அவ்வாண்டின் தொடக்கத்தில் அம்மாவட்டத்தில் கறுப்பின வாக்காளர் ஒருவர்கூட இருந்ததில்லை.

அச்சட்டம் எழுத்தறிவுத் தேர்வுகளை நிறுத்திவைத்தது. கூட்டரசின் அலுவலரை அனுப்பியது. குறித்த மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் கூட்டரசின் இசைவைப் பெற வேண்டும் என்றது. மிசிசிப்பியில் பதிவு பெற்ற கறுப்பினத்தார் 1964இல் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவாக இருந்தனர். 1967இல் ஏறத்தாழ அறுபது பேராயினர்.

5. நமக்குரிய படிப்பினை

வரலாறு அத்துடன் நிற்கவில்லை. 2013இல் உச்ச நீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்ற தீர்ப்பினால், முன்னிசைவு வேண்டிய மாநிலங்களைக் குறிக்கும் விதியை நீக்கிற்று. ஃபுளோரிடாவில், தண்டனை முடித்த கைதிகள் பலருக்கு 2018இல் மக்கள் தம் வாக்கெடுப்பினால் வாக்குரிமையை மீட்டளித்தனர். 2019இல் வந்த சட்டமோ அபராதங்களையும் கட்டணங்களையும் செலுத்தி முடித்தோர்க்கே அது உண்டு என்றது. இச்சட்டமும் எவ்வினத்தின் பெயரையும் சொல்லவில்லை. 2021 ஜனவரியில், கிங் பணியாற்றிய எபனேசர் ஆலயத்தின் போதகரான ரஃபேல் வார்னாக் ஜார்ஜியாவிலிருந்து மேலவைக்குத் தெரிவு செய்யப்பட்டார்.

அநீதியான கட்டளைகளை எழுதி வைப்போரை ஏசாயா தீர்க்கர் கடிந்தபோது, எளியவரின் உரிமை எழுதுகோலினாலும் பறிக்கப்படும் என்பதை அவர் கண்டிருந்தார். தடியடியைக் கண்டிக்கப் பல சபைகள் முன்வந்தன. ஆனால் தடிக்கு அவசியமே இல்லாதபடி செய்த சட்டப் பிரிவுகளை, எழுபத்தைந்து ஆண்டுகளாகப் பெரும்பான்மை வெள்ளையர் சபைகள் குறையற்றவை எனக் கொண்டன. ஒரு சட்டம் யாரைப் பெயர் சொல்லி விலக்குகிறது என்று மட்டும் கேட்பது போதாது. அதன் நிபந்தனைகள் நிறைவேறும்போது எவர் வெளியே நிற்கிறார் என்றும் போதகர் கேட்டாக வேண்டும். 

அதற்கு முன், நம் சபைக் கூட்டங்களிலேயே எளியவர் அச்சமின்றிப் பேசவும் தெரிவு செய்யவும் பழகுகின்றனரா என்பதை நாம் ஆராய்தல் நலம். ரூல்வில் ஆலயத்தில் ஒரு தொழிலாளிப் பெண் கேட்ட செய்தி, ஒரு நாட்டின் மனச்சாட்சியையே அசைத்தது. அத்தகைய செய்தியை உரைக்கவும் கேட்கவும் இடமளித்த சபைகளுக்காக நன்றி கூறுவோம். நம் சபைகளும் அவ்வாறு இடமளிக்க உழைப்போம்.