தரங்கம்பாடிப் பெயர் பூண்ட கடல் நத்தைகள்

புதுக்கோட்டை மாவட்டக் கரையூர்களின் வழக்குச் சொற்களைத் தொகுக்கப் புகும் ஆய்வாளர்க்கு, வடக்கே தரங்கம்பாடியின் பெயரால் கடல் நத்தைகள் பெற்ற இலத்தீன் பெயர்களின் வரலாறு நல்லதொரு வழிகாட்டியாகும். அதனை ஈண்டு ஆராய்வோம்.

பாண்டியர் காலக் கல்வெட்டிற் சடங்கன்பாடி எனப்பெற்ற ஊரே பின்னர்த் தரங்கம்பாடி எனப்பட்டது. 1620-இல் அங்குக் கோட்டை கட்டிய டேனியர் நாவில் அது 'திராங்கபார்' எனத் திரிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்குத் தங்கிய சமயத் தொண்டரும் மருத்துவரும் சிப்பி, மீன், செடி முதலியவற்றைத் திரட்டி ஐரோப்பிய அறிஞர்க்கு விடுத்தனர். லின்னேயஸின் மாணாக்கராகிய கோனிக் 1768-இல் அவ்வூர்க்கு வந்தார்.

1791-இல் குமேலின் என்பார் சிறு நத்தை ஒன்றிற்குப் 'பக்சினம் திராங்குபாரிக்கம்' எனப் பெயரிட்டார். 'தரங்கம்பாடிக்குரியது' என்பது பின்மொழியின் பொருள். 1798-இல் ரோடிங் மற்றொரு நத்தைக்கும், ஃபாப்ரிசியஸ் சேற்று நண்டு ஒன்றிற்கும், 1804-இல் எர்மான் செந்நிறப் புறா ஒன்றிற்கும் அவ்வடைமொழியையே சூட்டினர். ஒரே பேரினத்துள் இரண்டு உயிர்கட்கு ஓர் அடைமொழி பொருந்தாது. பேரினம் வேறாயின் தடையில்லை.

இவ்வடைமொழி பேரினப் பெயரின் பாலைத் தழுவி ஈறு திரியும். பக்சினம் என்பது ஆணும் பெண்ணும் அல்லாத பாலாதலின் 'திராங்குபாரிக்கம்' என நின்றது. அந்நத்தை ஆண்பாற் பெயராகிய காந்தாரஸ் என்னும் பேரினத்திற் சேர்க்கப்பெற்றதும் 'திராங்குபாரிக்கஸ்' ஆயிற்று. புறாவின் இக்காலப் பேரினப் பெயர் பெண்பாலாதலின் 'திராங்குபாரிக்கா' என வரும். 'சிறிய' என்னும் நம் பெயரடை எப்பாற்கும் ஒரு தன்மைத்தாய் நிற்றலை இதனோடு ஒப்பு நோக்குக.

இப்பெயர்கள் உயிர்களின் வாழிட எல்லையை உணர்த்துவன அல்ல. அப்புறா சீனம் வரையிலும் வாழ்கின்றது. ஆதலின் அறிஞர் கைக்கு மாதிரி எட்டிய வழியையே அடைமொழி காட்டும் எனக் கோடல் பொருந்தும். 1845-இல் டேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயர்க்கு விற்று நீங்கினர்; அவர் நாவில் திரிந்த பெயரோ நத்தையோடு நிலைத்தது. ஏட்டில் எழுதப்பெற்றமையும், எழுதியோர் பொருளையும் உடன் காட்டியமையுமே அதற்குக் காரணம்.

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் முதலிய ஊர்களில் மீனவர் வாய்மொழியாக வழங்கும் பெயர்கட்கு அக்காப்பு வேண்டும். சொல்லை மட்டும் எழுதிக்கொள்ளின், எந்நத்தைக்கு எப்பெயர் என்பது பின்வருவார்க்கு விளங்காது. ஆதலின் ஓட்டையும், அது கிடைத்த இடத்தையும் காலத்தையும் சேர்த்துக் குறித்தல் நம் மாணாக்கர் கடன்.